மாடல் பேசக் கூடாது

படுத்தாச்சு. இனி வாயத் திறக்கக் கூடாது. பரீட்சைக்கு உடம்பக் குடுத்துப் படுக்குற மாடல் பேசக் கூடாது, உதவக் கூடாது, கண்ணக் காட்டக் கூடாது, அதுதான் பிராக்டிகல் பரீட்சையோட சட்டம். அந்தச் சட்டத்த இந்தக் காலேஜ்ல முதல்ல எழுதி ஒட்டினதே நான்தான். கோட்டக் கழட்டி நாற்காலில போட்டுட்டு, செருப்பக் கட்டிலுக்கடியில தள்ளிவிட்டுட்டு, புடவைய இழுத்துச் சொருகிட்டு மல்லாந்துட்டேன். பேராசிரியை உலகம்மாள், பிசியோதெரபித் துறைத் தலைவி, கிழிஞ்ச ரெக்சின் கட்டில்ல. சேலத்துலருந்து எக்ஸ்டர்னல் பரிசோதகரா வந்திருக்க தணிகாசலம் பதறிப்போயி, ஐயோ நீங்க எதுக்குங்க மேடம்னு எந்திரிச்சே நின்னுட்டாரு. வேற என்னத்தச் செய்ய? கடைசி ஆளு பெனிலா. அவளுக்குன்னு வார்டுலருந்து வரவேண்டிய நோயாளிய ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. கூடப் படிக்கிற பிள்ளைங்க பரீட்சைய முடிச்ச கையோட பரோட்டாக் கடைக்கு ஓடியாச்சு. தணிகாசலத்துக்கு ரயிலுக்கு நேரமாகுது. நோயாளி இல்லாட்டிப் போகட்டும், ஒரு நார்மல் ஆளு கிடைச்சாப் போதும், ரெண்டு கையையும் முழுசாச் சோதிச்சுச் சொல்லட்டும்னாரு. அவரு சொல்லி வாய மூடல, நான் படுத்துட்டேன். மார்க்க நீங்களே போட்டுக்கிடுங்க, நான் இப்பப் பரிசோதகர் இல்லை, வெறும் உடம்புன்னேன். ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம். ஃபேன் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுச் சுத்துது, அதுக்கும் இடுப்புல ஏதோ கோளாறுன்னு நினைக்கேன். எதப் பாத்தாலும் நடையும் இடுப்புமாத்தான் தெரியும் எனக்கு. வண்ணார்பேட்டையில பஸ் நின்னா, ஜன்னல் வழியா ரோட்டப் பாத்து இவனுக்கு முட்டி, அவளுக்கு முதுகு, அந்தப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து தேறியிருக்குன்னு வீட்டுக்காரர்கிட்ட அடுக்கிக்கிட்டே வருவேன். அவரு சொல்லுவாரு, ஊரு உலகத்த நீ நிம்மதியா நடக்க விடமாட்டட்டின்னு.

படுத்தது பழக்க தோசம். முதல் வருசப் பிள்ளைங்க வந்ததும் நான் செய்யற முதல் வேலை இதுதான். நாற்காலியப் போட்டு ஏறி உக்காந்து பாடம் நடத்தறதில்லை. கட்டில்ல படுத்துருவேன். வாங்க, என் கையப் பிடிங்க, என் கால மடக்குங்க, என் மேல தப்புப் பண்ணுங்க, அப்புறம் வார்டுக்குப் போலாம். எத்தனை கை இந்த உடம்புல ஊர்ந்திருக்கு. பயந்து ஐஸா இருக்கிற கை, வேர்த்து வழுக்குற கை, ரோசத்துல அமுக்கித் தொலைக்கிற கை. பேரு மறந்துபோவும், மூஞ்சி மறந்துபோவும், கை மறக்காது. துபாய்லருந்து ஒருத்தி வந்து மேடம் ஞாபகம் இருக்கான்னு கேட்டா, கையக் குடுட்டின்னு வாங்கிப் பிடிச்சுப் பாத்தாத்தான் ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் படிச்சேன். புஸ்தகத்துல படிச்சது பாதி, முக்கூடல்ல பீடி சுத்துற பொம்பளைங்ககிட்ட உக்காந்து படிச்சது மீதி. அவங்க கழுத்தையும் கட்டைவிரலையும் பத்தித்தான் என் ஆராய்ச்சி. கம்ப்யூட்டரும் கேமராவுமாப் போயி நின்னப்ப, மடியில இருந்த தட்டத் தள்ளாமலே ஒருத்தி சொன்னா, எங்க கழுத்த எழுதி உங்க கழுத்துல மெடலு, நடத்துங்கன்னு. சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா சரியாத்தான சொன்னா. அதுக்கப்புறம் கேமராவ மூடிவச்சிட்டுத் தரையில உக்காந்தேன், நானும் இலை வெட்டினேன், ரெண்டு நாள்ல எனக்கே கழுத்து பிடிச்சுக்கிட்டு. அந்தப் பிடிப்புலருந்துதான் நல்ல கேள்வியெல்லாம் வந்துச்சு. கழுத்து இப்பவும் வலிக்கும். வலது தோள்பட்டை இறுகுறதும் அதே வலியோட மிச்சமா இருக்கும். தோள்பட்டைதான்.

பெனிலா கை கழுவுதா. தண்ணிச் சத்தம். கையத் துடைச்சு, உள்ளங்கைய வயித்துல வச்சுச் சூடு பண்ணிக்கிட்டு வருவா, எனக்குத் தெரியும். வலது கை நீளமா, மெலிஞ்சு. இடது கை மணிக்கட்டோட முடிஞ்சு, அதுக்கு மேல ஒரு சின்ன மேடு, விரலே கிடையாது. பிறவியிலேயே அப்படி. குளச்சல்காரி, அப்பன் கடலுக்குப் போறவரு. அட்மிஷனுக்கு வந்தப்ப துப்பட்டாவுக்குள்ள அந்தக் கைய மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கமிட்டில இருந்தவங்க மார்க்கப் பாத்து நல்ல மார்க்னாங்க, கையப் பாத்து நல்லாப் படிச்ச பிள்ளை, வேற ஏதாவது படிக்கட்டும்னாங்க. இந்தப் படிப்புக்கு ரெண்டு கையும் முழுசா வேணும் மேடம், உங்களுக்குத் தெரியாததான்னாரு பிரின்சிபால். எதுக்கு வேணும்னேன். எதுக்கு வேணும்னா என்ன கேள்வி மேடம்னாரு. எந்தச் சிகிச்சைக்கு வேணும், எந்தப் பிடிக்கு வேணும், ஒண்ணொண்ணாச் சொல்லுங்கன்னேன். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. எனக்கும் தெரியாது, அதுதான் நிசம். வீட்டுக்கு வந்து கிரேப் பேண்டேஜ எடுத்து என் இடது கை விரலையெல்லாம் சேத்துக் கட்டிக்கிட்டு, வீட்டுக்காரரப் பாயில படுக்கப் போட்டு வாரக்கணக்காப் புரட்டி எடுத்தேன். பாவம், மனுசன் பொறுத்துக்கிட்டாரு. விரலு செய்யாதத முன்கை செய்யுது, முழங்கை மடிப்பு செய்யுது, இடுப்பச் சாய்ச்சா உடம்போட எடையே செய்யுது. அப்புறம் கட்டின கையோடயே கமிட்டிக்குப் போயி பிரின்சிபாலையே மேசை மேல படுக்கச் சொன்னேன். அவருக்கு ரொம்ப நாளாக் கழுத்து வலி. அன்னைக்கு வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கினாராம். மறுநாள் சேத்துக்கிட்டாங்க. சேத்துக்கிட்டாங்களே தவிர, மனசு வரல. இவ பாஸ் பண்ணட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்காங்க. இந்த வருசம் இன்னும் ரெண்டு பேரு விண்ணப்பம் அவரு மேசையில கிடக்கு, சங்கரன்கோவில்லருந்து ஒரு குட்டையான பிள்ளை, காலுக்குக் கம்பி போட்டு நடக்குற இன்னொருத்தி. திங்கக்கிழமை கூடிப் பேசுவாங்க. பெனிலா இன்னைக்குத் தேறினா அந்த ரெண்டு பேருக்கும் கதவு திறக்கும், தேறலைன்னா நாங்க அப்பவே சொன்னோம்லான்னு ஆளாளுக்குச் சிரிப்பாங்க. அவங்க சிரிக்கிறதப் பத்திக்கூட எனக்குக் கவலையில்லை. இவ திரும்பவும் கையத் துப்பட்டாவுக்குள்ள கொண்டுபோயிருவாளே, அத என்னால பாக்க முடியாது.

ஆரம்பிச்சுட்டா. இடது பக்கந்தான் முதல்ல. நல்ல பக்கத்த முதல்ல பாக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன், ரெண்டும் நல்ல பக்கமா இருந்தா இடதுலருந்து தொடங்கணும்னும் சொல்லிக் குடுத்திருக்கேன். பஞ்ச வச்சுத் தொட்டுத் தொட்டுத் தெரியுதா தெரியுதான்னு கேக்கா, நான் தலைய மட்டும் ஆட்டுதேன். பலம் பாத்தாச்சு. இப்ப டோன். ஆளு தன் கையத் தளர விட்டுரணும், நாம ஆட்டிப் பாக்கணும், தசை எவ்வளவு விட்டுக் குடுக்குது எவ்வளவு முறுக்கிக்கிடுதுன்னு நம்ம கைக்குத் தெரியணும். கண்ணால பாக்குற சமாசாரம் இல்லை. தணிகாசலம் எந்திரிச்சுக் கிட்ட வாராரு. ஏம்மா, முழங்கையத் தாங்கணுமே, எப்படித் தாங்குவன்னு கேக்காரு. கெட்ட மனுசன் இல்லை, தெரிஞ்சுக்கிடத்தான் கேக்காரு. இப்படி சார்னு சொல்லி என் முழங்கையத் தன் இடது முன்கை மேல வாங்கி உடம்போட அணைச்சுக்கிட்டா. கைக்குழந்தைய ஒக்கல்ல வாங்குற மாதிரி. அந்தத் தாங்கல் எவ்வளவு சுகமா இருக்கு. விரலால பிடிச்சா அமுக்கம் இருக்கும், இதுல அமுக்கமே இல்லை. எம்மா, இத நான் சொல்லிக் குடுக்கலையே, இவளாக் கண்டுபிடிச்சதுலா. வலது கையால என் மணிக்கட்ட மடக்குதா, நீட்டுதா, சுத்துதா. வழுவழுன்னு போகுது. முழுமார்க்குதான். சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அடுத்து வலது. கட்டிலச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் வாரா. அவ செருப்புச் சத்தத்தக் கேக்கையிலதான் என் வலது கை ஞாபகம் வந்துச்சு.

வலது கை. தோள்பட்டைதான். சர்க்கரை இருக்கிற பொம்பளைக்கு இந்த வயசுல தோள்பட்டை இறுகத்தான் செய்யும், நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கேன். போர்டுல எழுதினா எழுத்து வர வரச் சின்னதாப் போவுது, பின்பெஞ்சுப் பிள்ளைங்க தெரியல மேடம்ங்குது, சாக்பீஸ் மட்டம்னு சொன்னேன். பால் பொங்கி வழிஞ்சு அடுப்புல தீஞ்சு, அடுத்த வீட்டுக்காரி வந்து கதவத் தட்டுதா, அடுப்புக்கு நேரா நிக்கிற எனக்கு வாடையே தெரியல, முன்ன ஒரு காய்ச்சல் வந்துச்சுலா, அதுக்கு அப்புறம் மூக்கு போச்சுன்னு சொன்னேன். கோட்டுல பொத்தான் போட நேரமாகுது, பொத்தான் ஓட்டை சின்னதுன்னு தையல்காரர்கிட்ட சண்டை போட்டேன். வீட்டுக்காரரு மாடியிலருந்து பாத்துட்டுச் சொன்னாரு, ஏன் வலது கைய வீசாம நடக்க, பை தூக்கிட்டு வாரவ மாதிரின்னு. கேலியாத்தான் சொன்னாரு. நான் திரும்பி அவரப் பாத்துச் சத்தம் போட்டேன், அவரு அப்படியே உள்ள போயிட்டாரு. பஸ் ஜன்னல்லருந்து ஊருக்கெல்லாம் நோய் சொல்றவளுக்குத் தன் கை தெரியாதா? தெரியும். தெரியாதுன்னு வச்சிருக்கேன். ஒண்ணொண்ணாப் பாத்தா ஒண்ணொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு, சேத்துப் பாத்தாத்தான் அந்தப் பேரு வரும், அதனால சேத்துப் பாக்காம வச்சிருக்கேன். எழுத்து தனியா, மூக்கு தனியா, பொத்தான் தனியா, தோள்பட்டை தனியா. நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. இப்பக் கொண்டுபோயி கைய நீட்டிக் குடுத்துட்டேன், அதுவும் யாருகிட்ட? நான் பழக்கினதுலயே நல்ல கைகிட்ட. எந்திரிச்சு, தலை சுத்துதுன்னு சொல்லிரலாமா? சொன்னா இவ பரீட்சை நின்னுபோகும், எக்ஸ்டர்னல் ரயிலேறிருவாரு, அடுத்த பரீட்சை ஆறு மாசம் கழிச்சு. திங்கக்கிழமை கமிட்டிக்கு வெறுங்கையோட போவணும்.

அணைச்சு வாங்கிக்கிட்டா முழங்கைய. மணிக்கட்டப் பிடிச்சா. எனக்கு ஒரு வழி தெரியும், நோயாளிங்க தெரியாமப் பண்ணுறது, நான் தெரிஞ்சு பண்ணலாம். அவ மடக்கையில நானும் கூட மடக்கினா, அவ நீட்டையில நானும் கூட நீட்டினா, உள்ள என்ன முறுக்கு இருந்தாலும் மேல வழுவழுன்னுதான் தெரியும். அவ நார்மல்னு சொல்லிருவா, அவரு மார்க்கப் போட்டுட்டு ரயிலேறிருவாரு, அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் இடம் கிடைக்கும், நான் கோட்டப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவேன். யாருக்கு என்ன நட்டம்? பண்ணினேன். கூடவே மடக்கினேன், கூடவே நீட்டினேன். பெனிலா கை நின்னுபோச்சு. குனிஞ்சு எனக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொல்லுதா.

"மேடம், நீங்க ஆட்டாண்டாம். கைய எங்கிட்ட விட்டுருங்க."

விட்டுருங்கன்னு அவ சொன்ன தினுசு இருக்கே. அதட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. எத்தனை வருசமாச்சு என் கைய ஒருத்தர் அப்படிக் கேட்டு. எல்லாரையும் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்த கை, சோறாக்குன கை, வார்டுல தூக்கி நிறுத்துன கை. கண்ண மூடிக்கிட்டேன். விட்டுட்டேன். அவ மெதுவா மடக்குதா. டக். டக். டக். கிணத்து ராட்டுல கயிறு விக்கி விக்கி இறங்குற மாதிரி, விட்டு விட்டுப் போகுது மணிக்கட்டு. எனக்குள்ளயே கேக்குது. எனக்கே கேக்குதுன்னா, அவ கைக்கும் முன்கைக்கும் அது தெரியத்தான் செய்யும். நிறுத்தல, அவசரப்படல, திரும்பவும் பாக்கா. அப்புறம் இடது கைய மூடி மூடித் திறங்க மேடம்ங்கா. அய்யோ, பாவி மக, அதையும் பாக்காளே. ஒரு கைக்கு வேலை குடுத்தா மத்தக் கையில ஒளிஞ்சிருக்கிற விறைப்பு எட்டிப் பாக்கும், அத எவன் படிச்சு வச்சிருப்பான், இவ படிச்சு வச்சிருக்கா. இடது கைய மூடுதேன், திறக்கேன், வலது மணிக்கட்டு முன்னவிட அழுத்தமா விக்குது. சந்தேகமே இல்லை. பெருமையா இருக்கு எனக்கு, அழுகையாவும் வருது, ரெண்டும் ஒரே நேரத்துல. பார்க்கின்சன், நடுக்குவாதம். சொல்லிட்டேன். மனசுக்குள்ளதான், ஆனாலும் சொல்லிட்டேன்.

தணிகாசலம் பேனாவத் திறந்தாச்சு. சொல்லும்மா, டோன் எப்படி இருக்குங்காரு. இடது நார்மல் சார்னா. வலதுன்னாரு. கண்ணத் திறந்து பாக்கேன், அவ அவரப் பாக்கல, என்னப் பாக்கா. சார், நான் முதல்ல பேஷண்ட்கிட்ட கேக்கணும்ங்கா. எந்தப் பேஷண்ட்டும்மா, அது மாடல், நார்மலா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்காரு. மறுபடியும் அதையே சொல்லுதா, அவங்ககிட்ட கேக்காம நான் சொல்லக் கூடாது சார். அவருக்குப் புரியல. பிள்ளைக்குத் தெரியல, சமாளிக்குதுன்னு நினைக்காரு. அவரு மூஞ்சில இரக்கம் வருது, அதுதான் எனக்குப் பொறுக்கல. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிரும்மா, ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பாக்கிறவங்களுக்கே கஷ்டமான விஷயந்தான் இதுங்காரு. ஏட்டி, நார்மல்னு சொல்லித் தொலையேன்! ஒரு பொய். யாரு கேக்கப் போறா? அவ சொல்லமாட்டா. நார்மல்னும் சொல்லமாட்டா, நோய்னும் சொல்லமாட்டா. அடுத்தவங்க உடம்புச் சேதிய அவங்களக் கேக்காம மூணாவது ஆளுக்குச் சொல்ல இவளுக்கு மனசில்லை. அதுக்குப் பதிலா நின்ன நிலையில தோத்துப்போவா. டோன் சொல்லலைன்னா கேஸே போச்சு, அது அவளுக்கும் தெரியும். பேனா தாள்ல இறங்கப் போகுது.

நான் வாயத் திறந்தா என்னாகும்னு தெரியாதா எனக்கு? திங்கக்கிழமை அதே கமிட்டி, அதே மேசை. உலகு மேடத்துக்கு முடியலையாமேன்னு ஆரம்பிக்கும். பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்னு ஒருத்தரு. ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் வருசம் கிடக்கே, ஆபீஸ் வேலை ஏதாவது குடுப்போம்னு இன்னொருத்தரு. இந்தப் பாடம் நடத்த ரெண்டு கையும் நல்லா வேணும்லா மேடம்னு பிரின்சிபாலு. நல்லவிதமாத்தான் சொல்லுவாங்க. அவங்க அன்னைக்கும் நல்லவிதமாத்தான சொன்னாங்க. ஊரெல்லாம் மேடை போட்டு, உடம்பு எப்படி இருந்தாலும் இடம் குடுங்கன்னு பேசினேன். சாய்தளம் இல்லாத மேடையில ஏறமாட்டேன்னு கீழ நின்னே மைக்கப் பிடிச்சேன். கைதட்டினாங்க. அப்பெல்லாம் என் உடம்பு நல்லா இருந்துச்சு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க, வந்திருக்கு, தெரியுது. பயமா இருக்கு. வெளிய போன்னு சொல்லிருவாங்களோன்னு சின்னப் பிள்ளை மாதிரி பயமா இருக்கு. இந்தப் பயத்த துப்பட்டாவுக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் அவ அன்னைக்கு அந்த நாற்காலில உக்காந்திருந்தாளா? நான் அவ கைக்காகச் சண்டை போட்டேன், அவ பயத்தக் கேக்கவே இல்லையே. இப்பவும் அவ என் கைய விடல. மணிக்கட்டப் பிடிச்சிருந்தவ, உள்ளங்கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. அது பரீட்சையில கிடையாது.

"சொல்லு பெனிலா,"ன்னேன்.

மேடம், மாடல் பேசக் கூடாதுங்கன்னு தணிகாசலம் திரும்பினாரு. சொல்லட்டும் சார், நான் மாடல் இல்லை, பேஷண்ட்தான், இவ கேட்டா, நான் சம்மதம் குடுத்துட்டேன்னேன். என் குரலே எனக்குப் புதுசா இருந்துச்சு. அவ சொன்னா. நிதானமா, வார்டுல சொல்லுற மாதிரியே. வலது மணிக்கட்டுல விறைப்பு இருக்கு சார், விட்டு விட்டு வருது, மத்தக் கைய அசைக்கச் சொன்னாக் கூடுது, முழங்கையிலயும் லேசா இருக்கு, இடதுல இல்லை. நோய்ப் பேரு சொல்லல. நான் சொல்ல முடியாது சார், நரம்பு டாக்டரு பாத்துத்தான் சொல்லணும்னா. தணிகாசலம் என் கைய வாங்கி மடக்கிப் பாத்தாரு. ஒரு தரம் பாத்தாரு, ரெண்டாந்தரம் பாக்கல. மெதுவாக் கட்டில்ல வச்சாரு. நாற்காலிக்குப் போயி, தாள்ல என்னமோ எழுதி, அதுக்கு அடியில ஒரு கோடு போட்டாரு. அவரு எழுதின வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு, பிள்ளை தேறிட்டா. மூக்க உறிஞ்சிக்கிட்டு, வழக்கமா எல்லாரையும் கேக்குற கடைசிக் கேள்வியக் கேட்டாரு. பேஷண்டுக்கு என்னம்மா சொல்லுவ?

பெனிலா முதுகுக்கடியில தன் இடது முன்கையக் குடுத்து என்ன எழுப்பி உக்கார வச்சா. நானா எந்திரிச்சிருப்பேன். எந்திரிக்கல. அவ மேலயே சாஞ்சு எந்திரிச்சேன். கால் தொங்க உக்காந்தேன். புடவையச் சரிபண்ணிவிட்டா. அவ முன்னால குத்தவச்சு உக்காந்து என் மூஞ்சிய அண்ணாந்து பாத்தா. நாலு வருசமா வாய்க்கு வாய் மேடம்னு கூப்பிட்ட பிள்ளை.

"அம்மா,"ன்னு கூப்பிட்டா. "முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம், நானும் வாறேன். மத்தத நாம சேந்து பாக்கலாம்."

என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். சபாஷ்னு சொல்லணும், நல்லா ரிப்போர்ட் பண்ணினன்னு சொல்லணும், ஆசிரியை மாதிரி ஏதாவது ஒண்ணு சொல்லணும். வாயில வந்தது அது இல்லை. காலமெல்லாம் கட்டில் விளிம்புல உக்காந்து என்னக் கேட்ட அத்தனை பேரும் கேட்டதுதான் வந்துச்சு.

"சரியாயிருமாம்மா?"

அவ கண்ணு கலங்கிட்டு. ஆனா பார்வைய எடுக்கல.

"முழுசாச் சரியாவாதும்மா,"ன்னா. "நல்லா நடக்க வச்சிருவேன். நாளைக்குக் காலையில வந்துருங்க."

எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டேன்.